டப்ளின்காரருக்கு மான்செஸ்டர் எதற்கு?

2024 செப்டம்பர் 7 அன்று டப்ளின் அவீவா ஸ்டேடியத்தில் அயர்லாந்தை இங்கிலாந்து 2–0 என்று வென்றது. முதல் கோலை அடித்தவர் டெக்லான் ரைஸ், இரண்டாவதை அடித்தவர் ஜாக் கிரீலிஷ். இருவரும் ஐரிஷ் வம்சாவளி. ரைஸ் அயர்லாந்து சீனியர் அணிக்கே மூன்று ஆட்டங்கள் ஆடிவிட்டு இங்கிலாந்துப் பக்கம் போனவர். கிரீலிஷ் அயர்லாந்து இளையோர் அணிகளில் பச்சைச் சட்டை போட்டவர். பந்து இவர்கள் காலுக்கு வந்தபோதெல்லாம் அரங்கம் ஊளையிட்டது. அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் டப்ளினில் கூடும் எந்தக் கால்பந்துக் கூட்டத்திலும் ஆர்சனல் ரசிகர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். ரைஸோ ஆர்சனலின் நடுக்களத் தூண். இங்கிலாந்துச் சட்டையில் வந்தால் துரோகி, ஆர்சனல் சட்டையில் வந்தால் செல்லப்பிள்ளை. ஒரே ஆளை ஒரே மனம் இப்படி இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்வது எப்படி?

அயர்லாந்தில் இந்தக் கேள்வி பழசு. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிற, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்ட ஐம்பது வயதுக்காரர், மத்தியானம் லிவர்பூல் தோற்றதென்றால் ராத்திரிச் சாப்பாட்டின்போது முகம் கொடுத்துப் பேச மாட்டார். லிவர்பூலில் அவர் பிறக்கவில்லை, படிக்கவில்லை, ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லை. அவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்திலேயே ஒரு ஐரிஷ் கிளப் இருக்கும். அங்கே கடைசியாக எப்போது போனார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். உள்ளூர் லீக்கின் விசுவாசிகள் இவருக்கு ‘பார்ஸ்டூலர்’ என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். மைதானப் படியில் நின்று நனையாமல், பப்பின் உயர ஸ்டூலில் உட்கார்ந்தே ரசிகரானவர் என்று அர்த்தம்.

இவர்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகள் நான்கு. எஜமானன் வீட்டு ஆட்டத்தின்மேல் அடிமைக்கு உள்ள மோகம் என்பது ஒன்று. ஜெயிக்கிற பக்கம் சாய்கிற புத்தி என்பது இன்னொன்று. மண்ணோடு சம்பந்தமில்லாத உணர்ச்சி, ஆகவே போலி என்பது மூன்றாவது. உள்ளூர்க் கால்பந்தைப் பட்டினி போட்டுக் கொன்றவர் இவர்தான் என்பது நான்காவது. நான்கும் ஒரே எடை உள்ளவை அல்ல.

அடிமை மோகம் என்ற வாதத்துக்குப் பின்னால் நீண்ட சரித்திரம் உண்டு. கால்பந்து அயர்லாந்தில் வேர்விட்ட இடங்களில் பல, பிரிட்டிஷ் படைமுகாம் இருந்த ஊர்கள். 1884இல் தர்லஸ் நகரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் அதை அந்நிய ஆட்டம் என்று ஒதுக்கியது. ஆடினாலும் விலக்கு, பார்த்தாலும் விலக்கு. 1938இல் நாட்டின் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட் டேலிமவுண்ட் பார்க்கில் போலந்துக்கு எதிரான சர்வதேச ஆட்டத்துக்குப் போனார் என்பதற்காக அவரையே புரவலர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஐரிஷ் மொழிக்காக வாழ்நாள் முழுக்க உழைத்த மனிதர் அவர்! அந்தத் தடை 1971இல்தான் போனது.

ஆனால் இந்த வாதத்தை உடைக்கிற சாட்சியங்கள் அதைவிட வலுவானவை. 1949 செப்டம்பர் 21 அன்று லிவர்பூல் நகரத்து குடிசன் பார்க்கில் அயர்லாந்து இங்கிலாந்தை 2–0 என்று தோற்கடித்தது. பிரிட்டிஷ் தீவுகளின் பழைய நான்கு சங்கங்களுக்கு வெளியிலிருந்து வந்த ஓர் அணியிடம் இங்கிலாந்து சொந்த மண்ணில் தோற்றது அதுதான் முதல் முறை. இரண்டாவது கோலை அடித்த பீட்டர் ஃபாரலுக்கு அது வாரந்தோறும் ஆடுகிற மைதானம். அவர் எவர்டன் வீரர். அன்றைய ஐரிஷ் கேப்டன் ஜானி கேரி, மான்செஸ்டர் யுனைடெட்டின் கேப்டன். இங்கிலாந்தை வீழ்த்தியவர்களை வளர்த்ததே இங்கிலாந்தின் லீக்தான். 1988இல் ஸ்டுட்கார்ட்டில் ரே ஹௌட்டன் தலையால் அடித்த கோலில் இங்கிலாந்து தோற்றபோது ஐரிஷ் தெருக்கள் திருவிழாவானதும் இதே கதைதான்: ஹௌட்டன் லிவர்பூல் கிளப் வீரர், பயிற்சியாளர் ஜாக் சார்ல்டனோ 1966இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பை வென்றவர். 1995இல் டப்ளின் லான்ஸ்டவுன் ரோட்டில் இங்கிலாந்து ரசிகர்களின் கலவரத்தால் அயர்லாந்து–இங்கிலாந்து ஆட்டம் 27 நிமிடத்தில் நின்றது. அதைப் பார்த்துவிட்டு ஐரிஷ்காரர்கள் தங்கள் ஆங்கிலேயக் கிளப்பைக் கைகழுவிவிடவில்லை. இங்கிலாந்து அணியை நேசிக்கவும் தொடங்கிவிடவில்லை. அடிமை மோகம் என்றால் எஜமானனின் கொடிமேலும் கொஞ்சமாவது பாசம் ஒட்டியிருக்க வேண்டாமா? இங்கே பாசம் ஊர்ப் பெயர்களோடு நிற்கிறது. லிவர்பூல், மான்செஸ்டர், வடக்கு லண்டனின் ஹாலோவே, ஆர்ச்வே: பஞ்சக் காலத்திலிருந்து ஐரிஷ்காரர்கள் மூட்டை முடிச்சோடு போய் இறங்கிய இடங்கள் இவை. மாமாவும் அத்தையும் குடியேறிய ஊரின் கிளப்பை அந்நியன் கிளப் என்று சொன்னால் ஐரிஷ் குடும்பங்கள் சிரிக்கும். முதல் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்யலாம்.

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட டப்ளினின் வடபகுதியில் கொஞ்சம் நடந்து பார்த்தால் நன்றாக விளங்கும். காப்ரா பகுதியில் ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம். அதன் பெயர் லியாம் வீலன் பாலம். அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் பிப்ஸ்பரோவில் டேலிமவுண்ட் பார்க், 1890இல் பிறந்த பொஹீமியன்ஸ் கிளப்பின் மைதானம். இன்னொரு பக்கம் நடந்தால் கிளாஸ்னெவின் இடுகாடு. வீலன் காப்ராப் பையன். ஹோம் ஃபார்ம் கிளப்பில் ஆடி, மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். 1956–57 பருவத்தில் லீக்கில் மட்டும் 26 கோல் அடித்தார். 1957 செப்டம்பர் 25 அன்று ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்துக்காக யுனைடெட் டப்ளினுக்கு வந்தது. எதிரணி, டப்ளினின் ஷாம்ராக் ரோவர்ஸ். இடம், டேலிமவுண்ட். சுமார் 45,000 பேர் கூடினார்கள். யுனைடெட் 6–0 என்று வென்றது. அதில் இரண்டு கோல் வீலனுடையது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் 22 வயதில் இறந்தார். கிளாஸ்னெவினில் புதைத்தார்கள்.

அந்த செப்டம்பர் இரவில் டேலிமவுண்டில் கூடியிருந்தவர்கள் எந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும்? தங்கள் நகரத்துக் கிளப்பின் பக்கமா, தங்கள் தெருப் பையன் ஆடுகிற கிளப்பின் பக்கமா? இதற்கு நேர்மையான ஒற்றைப் பதில் கிடையாது. மியூனிக்கில் இறந்த எட்டு யுனைடெட் வீரர்களில் ஒருவரை அயர்லாந்து தன் மண்ணில் அடக்கம் செய்திருக்கிறது. அதற்குப் பிறகு மான்செஸ்டர் என்பது டப்ளின்காரருக்கு வெறும் டெலிவிஷன் சங்கதி என்று வாதாட முடியாது.

இந்தப் பாசத்துக்குப் பின்னால் ஒரு வியாபாரமும் இருக்கிறது. யுனைடெட்டின் டப்ளின் தேடலாளராக இருந்தவர் பில்லி பீஹன். கேரி, வீலன், ஜானி கைல்ஸ், பால் மக்ராத் என்று தலைமுறை தலைமுறையாக ஆள் பிடித்து அனுப்பியவர். 1936இல் கேரிக்கு யுனைடெட் கொடுத்த விலை 250 பவுண்டு. 2009இல் ஸ்லைகோ ரோவர்ஸிலிருந்து ஷேமஸ் கோல்மனை எவர்டன் வாங்கிய விலை 60,000 பவுண்டு. பின்னாளில் எவர்டனுக்கும் அயர்லாந்துக்கும் கேப்டனானவர் அவர். கார்க் பக்கத்துச் சின்னக் கிளப்பான கோப் ராம்ப்ளர்ஸ் சொற்பத் தொகைக்கு இங்கிலாந்துக்கு அனுப்பிய ராய் கீனை மூன்றே ஆண்டில் யுனைடெட் 37.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது; அது அன்றைய பிரிட்டிஷ் சாதனை விலை. கன்றை ஓட்டிக்கொண்டு போனால் தாய்ப்பசுவின் கண் அந்தத் திசையில்தான் நிற்கும். ரசிகன் உள்ளூரைக் கைவிட்டுப் போனான் என்பதைவிட, உள்ளூரிலிருந்து எடுத்துப் போனவற்றின் பின்னால் போனான் என்பதே சரி.

ஜெயிக்கிற பக்கம் சாய்கிறவர்கள் என்ற இரண்டாவது குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. ஓர் ஐரிஷ்காரரின் கிளப்பைச் சொன்னால் அவர் வயதை ஓரளவு ஊகித்துவிடலாம். எழுபதுகளின் தொடக்கத்தில் சிறுவனாக இருந்தால் லீட்ஸ். எழுபதுகளின் கடைசியில் லியாம் பிரேடியும் டேவிட் ஓலியரியும் ஃபிராங்க் ஸ்டேபிள்டனும் ஆடியபோது என்றால் ஆர்சனல். எண்பதுகள் என்றால் லிவர்பூல். தொண்ணூறுகள் என்றால் யுனைடெட். ஏழு வயதுப் பையன் தோற்கிற அணியைத் தேர்ந்தெடுப்பான் என்று எதிர்பார்ப்பது அநியாயம். நாம் விசாரிப்பது பெரியவர்களை. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு 1976இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பல்கலைக்கழக அணி ஜெயித்த வாரக் கடைசிக்குப் பிறகு மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் உடைகளை அதிகமாக அணிந்து வந்தார்கள். ஜெயித்த ஆட்டத்தைப் பேசும்போது தங்களையும் அணியோடு சேர்த்துப் பேசினார்கள், தோல்வி என்றால் ஒதுங்கிக்கொண்டார்கள். அடுத்தவன் வெற்றியில் குளிர்காய்வது என்றால் அதுதான். ஐரிஷ் ரசிகர் அந்த அளவுகோலில் எப்படி நிற்கிறார்? லிவர்பூல் 1990க்குப் பிறகு லீக் பட்டத்துக்கு 30 ஆண்டுகள் காத்திருந்தது. லீட்ஸ் 2007இல் மூன்றாம் தட்டுக்கு இறங்கியது. யுனைடெட் 2013க்குப் பிறகு லீக் பட்டம் வெல்லவில்லை. குளிர்காய வந்தவர்கள் எப்போதோ எழுந்து போயிருப்பார்கள். இவர்கள் போகவில்லை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். ஆகவே தேர்வில் சந்தர்ப்பவாதம், தொடர்ச்சியில் விசுவாசம். பெரும்பாலான கல்யாணங்களின் யோக்கியதையும் இதுதான் என்பதால் இதற்குமேல் நோண்ட வேண்டாம்.

மூன்றாவது வாதம்தான் கோட்பாட்டளவில் சுவாரஸ்யமானது. ரிச்சர்ட் ஜூலியனாட்டி என்ற சமூகவியலாளர் 2002இல் கால்பந்துப் பார்வையாளர்களை நான்கு கட்டங்களில் போட்டார். ஒரு பக்கம் மரபு, எதிர்ப்பக்கம் நுகர்வு. மேலே உணர்ச்சிச் சூடு, கீழே குளிர்ச்சி. சூடும் மரபும் சேர்ந்தவன் ஆதரவாளன். அவனுக்கு மைதானமும் அதைச் சுற்றிய தெருவும் சொந்த வீடு மாதிரி. சூடும் நுகர்வும் சேர்ந்தவன் விசிறி. நட்சத்திர வீரர்களைத் தூரத்திலிருந்து நேசிப்பவன், அன்பைச் சட்டை வாங்கிக் காட்டுபவன். ஐரிஷ் பார்ஸ்டூலரை எந்தக் கட்டத்தில் போடுவது? சூட்டில் சந்தேகமில்லை. கிளப்பை அவருக்குக் கொடுத்தது கடையல்ல, அப்பா. அந்த வகையில் மரபும் இருக்கிறது. ஆனால் அந்த மரபை அவர் கடைப்பிடிக்கக் கிடைக்கும் வழிகள் எல்லாம் சந்தையுடையவை: சாட்டிலைட் சந்தா, ஜெர்சி, வருஷத்துக்கு ஒருமுறை விமானமும் ஓட்டலும் டிக்கெட்டும் சேர்ந்த பயணம். மனசில் ஆதரவாளன், கையில் நுகர்வோன். கட்டம் போட்டவர் இவருக்கு இடம் விடவில்லை.

மண்ணில் பிறந்தால்தான் உண்மை ரசிகன் என்ற விதி இங்கிலாந்துக்குள்ளேயே நிற்பதில்லை. ஆர்சனல் ரசிக வாழ்வைப் பற்றி 1992இல் ‘ஃபீவர் பிட்ச்’ எழுதிப் பெயர் பெற்ற நிக் ஹார்ன்பி வளர்ந்தது லண்டனுக்கு வெளியே மெய்டன்ஹெட்டில். அவருடைய உணர்ச்சியை யாரும் போலி என்று சொல்வதில்லை. அயர்லாந்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. விமர்சகர்கள் இதை ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்குப் புதிர். மண் பற்றுக்கு அங்கே வேறு ஆட்டம் இருக்கிறது. கேலிக் கால்பந்தும் ஹர்லிங்கும் திருச்சபைப் பங்கு, கவுண்டி என்ற எல்லைகளில்தான் நடக்கின்றன. பிறந்த மண்ணுக்காகத்தான் ஆடுகிறார்கள், சம்பளம் கிடையாது. மேயோ கவுண்டிக்காரர் மேயோவுக்காக க்ரோக் பார்க் மைதானத்தில் அழுதுவிட்டு வந்து லிவர்பூலுக்காகவும் வருத்தப்படுகிறார். ஊர்ப் பாசத்துக்கு ஒரு வடிகால் ஏற்கனவே இருப்பதால், கால்பந்தை அவர் வெளியுலகத்துக்கான ஜன்னலாக வைத்துக்கொள்ள முடிகிறது. டப்ளினின் தொழிலாளர் பகுதிகளில், கேலிக் ஆட்டங்களைவிடக் கால்பந்தே ஊறிப்போன இடங்களில், இந்த விளக்கம் முழுசாகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உணர்ச்சி போலி இல்லை. ஆனால் அந்த உணர்ச்சிக்கு எதிர்ப்பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? 2021 ஏப்ரலில் ஆறு ஆங்கிலேயக் கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனிக் கடையைத் திறக்கப் பார்த்தன. யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் மூன்றும் அதில் உண்டு. இரண்டு நாளில் அந்தத் திட்டம் சரிந்தது. சரிந்ததற்குப் பல காரணங்கள்; ஸ்டாம்போர்ட் பிரிட்ஜ் மைதான வாசலில் செல்சி ரசிகர்கள் வழிமறித்து நின்றது அவற்றில் கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளூர்க்காரனுக்கு மறிக்க ஒரு வாசல் இருந்தது. கார்க்கிலும் ஸ்லைகோவிலும் இருக்கிற ரசிகருக்கு வாசல் இல்லை. சந்தாவை ரத்து செய்வது ஒன்றுதான் வழி. இன்னும் சொல்லப்போனால், உள்ளூர் ரசிகனைத் தாண்டி உலகச் சந்தைக்குப் போகலாம் என்ற துணிச்சலை முதலாளிகளுக்குக் கொடுத்ததே இவரைப் போன்ற தூரத்து ரசிகர்கள்தான். இவருடைய அன்பு உண்மை. அதைக் கிளப் வருமானமாக மட்டுமே பார்க்கிறது என்பதும் அதே அளவு உண்மை. இந்த இரண்டாவது உண்மையை ஐம்பது வயதுக்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்; ஏழு வயதுப் பையனுக்குக் கிடைக்கும் சலுகை அவருக்குக் கிடையாது.

கடைசிக் குற்றச்சாட்டு, உள்ளூர் லீக்கின் பட்டினி. இதில் குற்றவாளிக் கூண்டில் வேறு ஆட்களையும் ஏற்ற வேண்டும். அயர்லாந்தில் அதிகப் பட்டங்கள் வென்ற ஷாம்ராக் ரோவர்ஸின் மில்டவுன் மைதானத்தை 1987இல் கைவிட்டு விற்றவர்கள் அதன் உரிமையாளர்களே. அதற்குப் பிறகு 2009இல் டாலாவில் குடியேறும்வரை 22 ஆண்டுகள் அந்தக் கிளப் வாடகை மைதானங்களில் அலைந்தது. அயர்லாந்து கால்பந்துச் சங்கத்தின் கடன்களும் பொறுப்புகளும் 5 கோடி யூரோவைத் தாண்டியது 2019 கடைசியில் வெளியே வந்து, அரசாங்கம் கைதூக்கிவிட வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் பப் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் பொறுப்பல்ல. தொண்ணூறுகளில் லண்டனின் விம்பிள்டன் கிளப்பை அப்படியே டப்ளினுக்குக் கொண்டுவரும் திட்டம் ஒன்று எழுந்தது. ஐரிஷ் கிளப்புகளும் சங்கமும் எதிர்த்தன. விம்பிள்டன் கடைசியில் மில்டன் கீன்ஸுக்குப் போனது. உள்ளூர் லீக்குக்கு உண்மையிலேயே மரண அடி விழ இருந்த அந்த நேரத்தில் அதைக் கொண்டுவர முயன்றவர்கள் தொழிலதிபர்கள்.

இன்னொரு சாட்சியம் அண்மையில்தான் கிடைத்திருக்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 முதல், 18 வயதுக்கு உட்பட்ட ஐரிஷ் பையன்களை ஆங்கிலேயக் கிளப்புகள் எடுக்க முடியாது. பையன்கள் உள்ளூரிலேயே வளர்கிறார்கள், இல்லையென்றால் ஐரோப்பாவுக்குப் போகிறார்கள். 2025 நவம்பரில் போர்ச்சுகலுக்கு எதிராக இரண்டு கோலும் ஹங்கேரிக்கு எதிராக மூன்றும் அடித்து நாட்டையே குதிக்கவைத்த ட்ராய் பாரட், டாட்டனமில் நிலைக்காமல் நெதர்லாந்துக்குப் போய் ஆடிக்கொண்டிருந்தவர். இதே ஆண்டுகளில் உள்ளூர் மைதானங்களில் கூட்டம் ஏறியிருக்கிறது. 2023 கோப்பை இறுதியாட்டத்துக்கு அவீவாவில் 43,881 பேர். 2025 பிப்ரவரியில் பொஹீமியன்ஸ்–ஷாம்ராக் ரோவர்ஸ் லீக் ஆட்டத்துக்கு 33,000க்கும் மேல். லீக் சரித்திரத்தில் அதுவரை அதுவே அதிகம். இவை விசேஷ நாட்கள்தான், வாராவாரம் இப்படி இல்லை. ஆனாலும் ஒன்றை நிரூபிக்கின்றன. இந்தக் கூட்டம் வருவதற்கு யாரும் ஆங்கிலேயக் கிளப்பைத் தலைமுழுக வேண்டியிருக்கவில்லை. ஒன்று வளர இன்னொன்று சாக வேண்டும் என்ற கணக்கு தப்பு.

ஆனால் இதே சாட்சியம் பார்ஸ்டூலருக்கு எதிராகவும் திரும்புகிறது. “நம்ம பையன்கள் அங்கேதான் ஆடுகிறார்கள்” என்ற பழைய நியாயம் இப்போது மெலிந்துவிட்டது. கேரி, வீலன், பிரேடி, கீன் என்று பெரிய கிளப்புகளின் நடுவில் ஐரிஷ் பெயர்கள் இருந்த காலம் போய்விட்டது. லிவர்பூலில் மிஞ்சியிருந்த கோல்கீப்பர் குவீவீன் கெலஹரும் 2025இல் ப்ரெண்ட்ஃபோர்டுக்கு மாறினார். இன்றைக்கு ஓர் அப்பா மகனுக்கு யுனைடெட் சட்டை வாங்கிக் கொடுக்கும்போது, மகனுக்கு அந்த அணியில் காட்ட ஒரு காப்ராப் பையன் இல்லை. அப்பாவின் ஞாபகத்தைத்தான் கொடுக்கிறார். அதைக் கொடுப்பதில் தப்பில்லை. உள்ளூரில் நடப்பது கால்பந்தே இல்லை என்ற இளக்காரத்தையும் கூடவே கட்டிக் கொடுப்பதுதான் தப்பு. அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிற கருத்தும் அல்ல அது. பார்க்காமல் இருப்பதற்கான சாக்கு.

என் தீர்ப்பு இதுதான். ஐரிஷ் ரசிகரின் பாசம் உண்மையானது. அடிமைத்தனமும் இல்லை, நடிப்பும் இல்லை. நூறாண்டுக்கு மேலான இடப்பெயர்வும் ஆள் ஏற்றுமதியும் அதை உண்டாக்கின. அதற்காக அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளூர் லீக்கை மட்டமாகப் பேசும் உரிமையை அந்தப் பாசம் அவருக்குத் தரவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் குற்றவாளி. தண்டனை பெரிதல்ல: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மைதானத்துக்கு ஒரு பருவத்தில் சில தடவையாவது போக வேண்டும். நேரமில்லை என்று அவர் சொல்ல முடியாது. அயர்லாந்து லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை 7.45க்குத் தொடங்குகின்றன, இங்கிலாந்து பிரீமியர் லீக் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான்.